காதுக்குள் ஒரு ஆண்குரல்

கனடாவின் ஸ்காபரோவில் பெண்கள் ஐஸ் ஹொக்கி அணிக்குக் கோல் காக்கிற தர்சிகாவுக்குப் புதுத் தலைக்கவசம் வந்ததிலிருந்து, அவள் கணவன் நிரோஷனுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. எதிரே நிற்பவர் அடுத்து என்ன செய்யப்போகிறார் என்பதை அந்தக் கவசம் அவள் காதுக்குள் ஆண்குரலில், அதுவும் கொஞ்சும் தமிழில் சொல்லும். வார் இளகவேண்டும் என்று சொல்லி அவள் அதை வீட்டிலும் போட்டுக்கொண்டு கறி வைத்தாள். முகக்கம்பிக்குப் பின்னால் தனியே சிரித்தாள்.

“அப்பிடி என்னதான் சொல்லுறான்?”

“அடிக்கிற பக் வட்டு எந்தப் பக்கத்தால வருதெண்டுதானப்பா.”

“குசினிக்குள்ளயோ?”

அவள் குளிக்கப்போன நேரம் நிரோஷன் கவசத்தை மாட்டிக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றான். கண்ணாடிக்குள் நின்றவனைக் கவசம் உடனே அடையாளம் கண்டுகொண்டது.

“குஞ்சு, முன்னால நிரோஷன்,” என்றது காதுக்குள். “இப்ப ‘நான் ஒண்டும் சொல்லேல்ல, ஆனா’ எண்டு துவங்குவார். அசையாம நில்லும். தானாக் களைச்சுப்போவார்.”

தலையில் துவாயுடன் தர்சிகா வந்து நின்றாள். “என்னப்பா செய்யிறியள்?”

“நான் ஒண்டும்…” என்று தொடங்கியவன் பல்லைக் கடித்து மிச்சத்தை விழுங்கினான்.

“அருமையான தடுப்பு, குஞ்சு!” என்றது குரல். “உம்மைப்போல ஒரு ஆள் இந்த ஊரிலயே இல்ல.”

கலியாணம் கட்டிய நாளிலிருந்து நிரோஷனை யாரும் இப்படிப் பாராட்டியதில்லை.

“கழட்டுங்கோ, மட்ச்சுக்கு நேரமாகுது,” என்று அவள் கையை நீட்டினாள்.

“கொஞ்சம் பொறும்,” என்றான் அவன். “இவர் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார்.”