அடைப்புக்குறிக்குள் சிரிப்பு

சீரியல் தொடங்கி மூன்று நிமிடம் ஆகியும் அவர் சிரிக்கவில்லை.

சோபாவின் மறுமுனையில் அவள் மடித்த துணியையே திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள். கண் டிவியில் இல்லை, கணவர் முகத்தில் இருந்தது.

திரையில் குண்டு மனைவி எடை பார்க்கும் மெஷினில் ஏறி நின்றாள். ஒல்லிக் கணவன் குனிந்து பார்த்துவிட்டு, முள் ஒரு சுற்று சுற்றிப் பழைய இடத்துக்கே வந்துவிட்டது என்றான். பெட்டிக்குள்ளிருந்து ஒரு கூட்டமே கொல்லென்று சிரித்தது.

அந்தச் சிரிப்பு அவளுக்கு மட்டும்தான் கேட்டது. அவர் நூல் மில் இரைச்சலில் இருபது வருடம் நின்றவர். காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய், ஏழு வருடமாகச் சுத்தமாக இல்லை.

அவருக்கு எல்லாம் திரைக்கு அடியில் ஓடுகிற எழுத்துதான். அந்த எழுத்தை அடிக்கிறவளே அவள்தான்.

டிவி நிலையத்தில் காது கேளாதவர்களுக்காகச் சப்டைட்டில் போடுகிற வேலை. யார் என்ன பேசினாலும் எழுத வேண்டும். கதவு தட்டினால் அதையும் எழுத வேண்டும். கூட்டம் சிரித்தால் அடைப்புக்குறி போட்டு, உள்ளே ‘சிரிப்பொலி’ என்று எழுத வேண்டும்.

இன்றைய பகுதியில் முப்பத்துநான்கு சிரிப்பொலி இருந்தது. முப்பத்துநான்கையும் அழித்துவிட்டுத்தான் அனுப்பியிருந்தாள்.

மேலாளர் படிக்காமலே கையெழுத்துப் போடுகிற ரகம், அதனால் தப்பியது. தெரிந்தால் வேலைக்கே உலை.

அந்த சீரியலுக்கு வருகிற கடிதங்களைப் பிரித்துப் போடுவதும் அவள் தலையில்தான் விழுந்திருந்தது. நாளெல்லாம் மாடு மாதிரி உழைத்துவிட்டு வந்து உட்கார்ந்தால், மனம் விட்டுச் சிரிக்க இது ஒன்றுதானே இருக்கிறது என்பவர்கள் ஓர் அட்டைப்பெட்டி. ஒரு பெண்ணின் உடம்பை வைத்து இன்னும் எத்தனை வருடம் பிழைப்பீர்கள் என்பவர்கள் இன்னொரு பெட்டி. இரண்டும் சேர்ந்தே நிறையும்.

“திட்டுறவங்களும் பாத்துட்டுத்தானே திட்டுறாங்க, விடுங்க,” என்பார் மேலாளர்.

தன் வீட்டு மனிதர் எந்தப் பெட்டி என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. ‘சிரிப்பொலி’ என்று வர வேண்டியதுதான், அவர் தோள் குலுங்கச் சிரிப்பார். சிரித்து முடித்ததும் திரும்பி அவளை ஒரு பார்வை பார்ப்பார்.

அந்தப் பார்வைதான் அவளைக் கொன்றது.

தைராய்டு வந்த பிறகு அவளும் ஊதித்தான் போயிருந்தாள். சீரியல்காரியையும் தன்னையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார், வேறென்ன? அந்த மனைவி நாற்காலி உடைந்து கீழே விழுந்த பகுதிக்கு அவர் சிரித்த சிரிப்பைப் பார்த்த பிறகு, அவர் எதிரில் அவள் பிரம்பு நாற்காலியில் உட்காருவதை விட்டுவிட்டாள்.

கேட்டுவிடலாம் என்று எத்தனையோ முறை நாக்கு நுனி வரை வந்ததுண்டு. அவருக்கு உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு புரியும். நாலு தடவை நிறுத்தி நிதானமாக உதடு அசைத்துக் கேட்கிற கேள்வியா அது?

அலுத்துப்போய்த்தான் அழித்தாள். யாரும் எடுத்துக் கொடுக்காமல் இவர் தானாகச் சிரிக்கிறாரா என்று ஒரே ஒரு நாள் பார்த்துவிட வேண்டும். சிரித்துவிட்டால், ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்ட மனிதர் இவர்தான் என்று தேற்றிக்கொள்ள அவளிடம் மிச்சம் ஒன்றும் இருக்காது.

பத்தாவது நிமிடம். குண்டு மனைவி பஸ் வாசலில் சிக்கிக்கொண்டாள். பின்னாலிருந்து நாலு பேர் தள்ளினார்கள். டிவிப் பெட்டி சிரிப்பில் அதிர்ந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். திரைக்கு அடியில் எதையோ தொலைத்தவர் போலக் குனிந்து பார்த்தார்.

சிரிக்கவில்லை.

பதினைந்து நிமிடம் ஆயிற்று. இருபது ஆயிற்று. அவர் கொட்டாவி விட்டார்.

அவளுக்கு ஒரு பக்கம் நெஞ்சில் இருந்த கல் இறங்கியது போல இருந்தது. இன்னொரு பக்கம் எரிச்சலாக வந்தது. ஆக, சிரி என்று எழுதிக் காட்டினால் சிரிக்கிற ஆள்தானா இவர்? கும்பலோடு கும்பலாகச் சிரித்த இந்தச் சிரிப்புக்கா இத்தனை வருடம் உள்ளுக்குள் வெந்து செத்தாள்?

பெயர்கள் மேலே ஓடின. சீரியல் முடிந்தது. அவர் ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்துவிட்டு, அவள் பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தார். தன் குரலே தனக்குக் கேட்காதவர் ஆனதால் எப்போதும் சத்தமாகத்தான் பேசுவார்.

“அப்பாடா! இன்னைக்காவது சிரிப்புன்னு போடாம விட்டியேம்மா. நீ கண்ணு வலிக்க உக்காந்து எழுதுறது, நான் சிரிக்கலன்னா மனசு சங்கடப்படுவியேன்னு ஏழு வருஷமா விடாம சிரிச்சு வைக்கிறேன். எனக்கென்னமோ அந்தப் பொம்பளையப் பாத்தா அழுகைதான் வருது.”

அவள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

நாளைய பகுதியில் நாற்பத்தோர் இடத்தில் சிரிப்பொலி இருந்தது. இன்றைய பகுதியை அனுப்பிய கையோடு, வேலை போய்விடுமோ என்ற பயத்தில், அதை ஒன்று விடாமல் அடித்து அனுப்பியாகிவிட்டது.

இனித் தனக்காகச் சிரிக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்ல வாயெடுத்தாள். அழுகையில் உதடு கோணிக்கொண்டு போனது.

சிரிக்கிறாள் போலிருக்கிறது என்று அவரும் சேர்ந்து சிரித்தார்.