சென்னப்பன் வீட்டுக் கூறு

“எங்கூட்டுல நானு, எம் பொண்டாட்டி. ரெண்டே பேரு” என்றார் சென்னப்பன்.

ஊர்க்கவுண்டர் அண்ணாதுரை நிமிர்ந்து பார்த்தார். “சின்னவன் மணிகண்டன் கல்யாணமாகித் தனியாப் போயிட்டான், சரி. பெரியவன் மாதேஷு?”

“அவன் இனிமே எங்கூட்டுக் கூறுல சேர்த்தி இல்ல.”

சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அஞ்செட்டிக்கு மேலே இருக்கிற அந்த ஊரில் மாரியம்மன் பண்டிகைக்குப் பொதுக் கிடா வெட்டுவார்கள். கறியை வீட்டுக்கு ஒரு கூறாகத் தேக்கிலையில் வைத்துப் பிரிப்பார்கள். அதற்கு முன்னால் ஒவ்வொரு வீட்டுப் பெரியவரும் எழுந்து, தன் வீட்டில் யார் யார் சேர்த்தி என்று ஊர் முன்னால் சொல்ல வேண்டும். பிறந்த பிள்ளையைச் சேர்ப்பதும் அங்கேதான், செத்தவரை எடுப்பதும் அங்கேதான். கல்யாணமாகித் தனியாகப் போகாத, உயிரோடு நிற்கிற பிள்ளையை எடுத்தது அன்றைக்குத்தான்.

அந்தப் பிள்ளை வேப்பமரத்தடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஸ்ரீராம். இரண்டு பேருக்கும் ஓசூரில் ஒரே கம்பெனியில் வேலை.

போன பண்டிகைக்கு வந்தபோதே மாதேஷ் மூடி மறைக்காமல் சொல்லிவிட்டான். “எனக்குப் பொண்ணு பாக்காதப்பா. எனக்கு ஆம்பளைங்க மேலதான் ஆசை. ஸ்ரீராமும் நானும் சேந்து வாழறோம்.” அப்புறம் ஊரில் யார் கேட்டாலும், ஆமாம் என்றுதான் சொன்னான்.

சென்னப்பன் அன்றைக்கு மூடின வாய்தான். ஒரு வருஷமாக மகன் போன் செய்தால், எடுத்து அப்படியே சம்சாரத்தின் கையில் கொடுத்துவிடுவார்.

இந்த வருஷம் அம்மா சரோஜம்மாள்தான் கூப்பிட்டாள். “பண்டிகைக்கு ரெண்டு பேருமே வந்துடுங்க சாமி.” அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் மாதேஷ் வந்தான். வரச் சொன்னது ஊர் முன்னால் அறுத்துவிடத்தானா?

“மானம் போனது போதும்னு அண்ணன் கையக் கழுவிட்டாரு” என்று சென்னப்பனின் தங்கை பூவம்மாள் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். மாதேஷ் காதில் விழட்டும் என்றேதான் சொன்னாள்.

“வா, போலாம்” என்று மாதேஷ் வண்டிச் சாவியை எடுத்தான்.

ஸ்ரீராம் நகரவில்லை. “கறி பிரிக்கட்டும். அப்புறமாப் போலாம்.”

“கறி திங்கவா வந்தோம்?”

அதற்குள் சரோஜம்மாள் ஓடிவந்துவிட்டாள். “பண்டிகை நாளும் அதுவுமா வெறுங்கையோட போவாத சாமி.”

“கூறே இல்லன்னுட்டாரு. எதைம்மா வாங்கிக்கிட்டுப் போறது?”

அவள் அவன் கையிலிருந்த சாவியைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அங்கே பேர் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். சென்னப்பன் வீடு என்றதும் அவர் போய் இலையை வாங்கினார். மணிகண்டன் வீடு என்றதும் தம்பி போய் வாங்கினான். கடைசி வீடும் வாங்கியாயிற்று. இன்னும் ஓர் இலை கறியோடு அப்படியே இருந்தது.

“என்னப்பா, ஒண்ணு கூடுது? எண்ணிக்கையில தப்பா?” என்றார் ஊர்க்கவுண்டர்.

“தப்பெல்லாம் இல்ல. நாந்தான் ஒண்ணு சேத்துப் போடச் சொன்னேன்” என்று சென்னப்பன் எழுந்தார்.

“யாரு வீட்டுக்கு?”

“மாதேஷ் வீட்டுக்கு.”

ஊர்க்கவுண்டர் புருவத்தைச் சுருக்கினார்.

“தனிக் கூறு கல்யாணம் ஆனவனுக்குத்தானே சென்னப்பா?”

“தனியா அடுப்பு வெச்சவனுக்குங்க. எங்கப்பன் காலத்துலருந்து அதானே வழக்கம்? புருசன் போனப்பறம் தனியா ஆக்கித் திங்கற பொற்கொடிக்கு வருசா வருசம் கூறு தர்றோமே. தாலியவா பாத்தோம்?”

“அவனுங்க அங்க ஓட்டல்ல திங்கறானுங்களோ என்னவோ. அடுப்ப நீ பாத்தியா?”

“தை மாசமே ஓசூருக்குப் போயிப் பாத்துட்டு வந்தேன். இவன் டூட்டிக்குப் போயிருந்தான். அந்தப் பையன்தான் உக்கார வெச்சு சோறு போட்டான். அடுப்பு இருக்குது, அரிசிப் பானை இருக்குது. குடித்தனம்னா வேற என்ன வேணும்?”

மாதேஷ் திரும்பி ஸ்ரீராமைப் பார்த்தான்.

“சொல்லாதன்னு சொல்லிட்டாருப்பா” என்று ஸ்ரீராம் தலையைக் குனிந்துகொண்டான்.

ஊர்க்கவுண்டர் மீசையைத் தடவித் தடவி யோசித்தார். எவ்வளவு தேடியும் வழக்கத்தில் அவருக்கு ஓட்டை கிடைக்கவில்லை. சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். ஒருவரும் வாயைத் திறக்கக் காணோம். வேறு வழியில்லாமல் குரல் கொடுத்தார்.

“மாதேஷ் வீடு.”

மாதேஷ் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து இலைக்குக் கை நீட்டினான். சென்னப்பன் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினார். ஒரு வருஷத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் மகனிடம் நேராகப் பேசினார்.

“மொத கூற ஒத்தையா வாங்கக் கூடாதுடா. அந்தத் தம்பியையும் கூப்பிடு.”