திரிந்த பால்

அந்த அடுக்குமாடியில், மேல்வீட்டில் புழங்கி, கழுவி விட்ட தண்ணீர்தான் வடிகட்டப்பட்டுக் கீழ்வீட்டுக்குக் குடிநீராக வரும். அதனால் எலுமிச்சை, உப்பு, சமையல் சோடா தவிர வேறெதையும் போட்டு யாரும் வீடு கழுவக்கூடாது. எந்த மகராசன் செய்த வடிகட்டியோ, புளிப்பை மட்டும் அதனால் பிடிக்க முடியவில்லை.

மேல்வீட்டுப் பூமிநாதனின் மனைவி எலுமிச்சையை அள்ளிப் பிழிகிறவள். சனிக்கிழமைதோறும் கீழே மெர்லினின் பால் திரியும். அவளும் மேலே போய்ச் சண்டை போட்டுவிட்டு வருவாள்.

போன மாதம் அந்த அம்மாள் இறந்துபோனாள். பூமிநாதன் அதன்பிறகு யார் தட்டியும் கதவைத் திறக்கவில்லை. குழாயில் துளிப் புளிப்பில்லாத தண்ணீர் வந்தது. மெர்லினுக்குத்தான் அது தொண்டையில் இறங்கவில்லை.

இன்று காலை காப்பிக்குப் பாலில் தண்ணீர் விட்டுக் காய்ச்சினாள். பால் கட்டி கட்டியாகத் திரிந்தது. அடுப்பை அணைத்துவிட்டு மாடிக்கு ஓடினாள்.

கதவு திறந்திருந்தது. பூமிநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் பதறி எழுந்தார்.

"மன்னிச்சுக்கம்மா. எத்தனை பழம் பிழியணும்னு எனக்குத் தெரியல. பால் திரிஞ்சிருச்சா?"

"திரிஞ்சா திரியட்டும் சார்," என்று மெர்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க நல்லா கழுவுங்க. எங்க வீட்டுல இனிமே வரக்காப்பிதான்."