சாக்குக்குள் யார்?

சாக்குக்குள் இருப்பது யாரென்று கண்டுபிடித்தால் பெரிய கேக் ஒன்று பரிசு என்று கிர்ஸ்டன் அறிவித்தாள்.

எங்கள் அகதி முகாமைப் பார்த்துக்கொள்கிறவள் அவள். பள்ளிக்கூட வயதில் ஒரு வருடம் அமெரிக்காவில் இருந்திருக்கிறாள். அங்கே தொலைக்காட்சியில் நான்கு பேர் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்காருவார்களாம். எதிரே இருக்கும் விருந்தாளி யாரென்று கேள்வி கேட்டே கண்டுபிடிப்பார்களாம். விருந்தாளி ஓம் அல்லது இல்லை, அதற்குமேல் ஒன்றும் சொல்லக்கூடாதாம்.

கிரின்ஸ்டெட் என்ற குளிர்தேசத்து ஊரில் பனியைப் பார்த்துக்கொண்டு விசாவுக்குக் காத்துக்கிடந்த எங்களைச் சிரிக்கவைக்க அவளுக்கு இதைவிட நல்ல வழி தெரியவில்லை. பாவம்.

இத்தனை பேரின் கண்ணைக் கட்டுவதைவிட ஒருவரின் தலையை மூடுவது சுலபம் என்று விளையாட்டைக் கொஞ்சம் மாற்றியிருந்தாள். வாய் திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் தலையை மட்டும் ஆட்டலாம்.

பக்கத்துக் கதிரையில் நீக்கிலாஸ் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் எங்களுக்குக் கலியாணம். பாதிரியார் நாளும் குறித்துவிட்டார்.

சமையலறைக் கதவு திறந்தது.

தலையில் உருளைக்கிழங்குச் சாக்கு. கண்ணுக்கு இரண்டு ஓட்டை. நடுக் கதிரையில் வந்து உட்கார்ந்து எங்களைப் பார்த்தது.

அந்த வயிற்றைக் கண்டால் சின்னப்பிள்ளைக்கும் தெரியும், சமையல்காரர் பென்ட் என்று. எனக்கும் தெரிந்தது. தெரிந்து என்ன? வாயில் கிடந்த பிஸ்கட்டைக் கைக்குட்டையில் துப்பினேன்.

விக்ரோரியா அக்கா முதலில் எழும்பினார். போய்ச் சாக்குக்கு முன்னால் நின்றார். அவருக்குப் பின்னால் செல்வராஜா அண்ணை. பிறகு ஒவ்வொருவராக எல்லாரும். யாரும் எழும்பச் சொல்லவில்லை. என் கால்களும் தன்பாட்டில் போயின. நின்ற பிறகுதான் கவனித்தேன், முகாமில் தந்த அடையாள அட்டையை எடுத்து நெஞ்சுக்கு நேரே பிடித்திருக்கிறேன்.

கிர்ஸ்டன் கைதட்டினாள். இது எங்கள் ஊர் முறை என்று நினைத்திருப்பாள்.

எங்கள் ஊர் முறைதான். மன்னாரில் ஊரைச் சுற்றிவளைத்தால் கோயில் முற்றத்தில் ஆமிச் சிப்பாய்கள் எங்களை அடையாள அட்டையைப் பிடித்தபடி வரிசையில் விடுவார்கள். ஜீப்புக்குப் பக்கத்தில் ஒருவன் தலையில் சாக்குப் போட்டு உட்கார்ந்திருப்பான். பிடிபட்ட எங்கள் ஆள் ஒருவன்தான், யாரென்று மட்டும் தெரியாது. தலையாட்டி என்போம். உயிருக்குப் பயந்து அவன் தலையை ஆட்டினால் அவ்வளவுதான், ட்ரக்கில் ஏற்றிவிடுவார்கள்.

என் தம்பி யோசேப்புக்கும் அப்படி ஒருவன் தலையை ஆட்டினான். தம்பி திரும்பி வரவேயில்லை.

நான் பெண்களின் வரிசையில் தூரத்தில் நின்றேன். ஒன்றும் தெரியவில்லை. தம்பி பயந்து அழுதிருப்பானோ என்று நினைத்து நினைத்தே செத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து ஊர்க்காரரான நீக்கிலாஸை இந்த முகாமில்தான் கண்டேன். அவர்தான் எனக்கு நித்திரையைத் திருப்பித் தந்தவர்.

"உங்கட தம்பியின்ர கண்ணில ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. நான் அவருக்குப் பின்னால நிண்டனான்."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் கலியாணத்துக்குச் சம்மதித்தேன்.

முதல் கேள்வியை யார் கேட்பது என்று கிர்ஸ்டன் கேட்டாள்.

எனக்கு முன்னால் செல்வராஜா அண்ணையின் பிடரி. நரைத்த முடி, கழுத்தில் ஒரு மறு, சேர்ட் கொலர். அழுகிறார் போலிருந்தது. எட்டிப் பார்த்தேன். எவ்வளவு எட்டியும் அவர் கண் தெரியவில்லை.

பின்னால் நின்றால் கண் தெரியாது.

திரும்பினேன். கதிரைகள் எல்லாம் வெறுமை. ஒன்றில் மட்டும் நீக்கிலாஸ், கோப்பையைக் கையில் பிடித்தபடி. அவர் ஒருவர்தான் எழும்பவில்லை.

கேள்வியை நான் கேட்டேன். சாக்கைப் பார்த்து அல்ல.

"தம்பிக்கு முன்னால இருந்தனீங்களோ?"

நீக்கிலாஸ் தலையை மட்டும் ஆட்டினார்.