முதல் ஆளாக அப்பா

வலைப்பூ தொடக்கப் பயிற்சியில் அருணகிரி கற்ற முதல் பாடம், பின்னூட்டமும் கல்யாண மொய் மாதிரிதான் என்பது. நாம் வைத்தால்தான் நமக்கும் விழும். ஊரார் பதிவையெல்லாம் யார் உட்கார்ந்து படிப்பது? அதற்குத்தான் பின்னூட்டி என்ற செயலி இருக்கிறதே! நம் பெயரில் அதுவே படித்து அதுவே பாராட்டிவிடும். எல்லாரையும் போல அவரும் அதை முடுக்கிவிட்டார்.

குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு விரிசல் விட்ட கதையைப் படுத்தபடியே எழுதிப் போட்டார். பாராட்டு மளமளவென்று குவிந்தது. நடுவே, டொராண்டோவில் இருக்கும் மகள் நிறைமதியும் "அருமை! தொடருங்கள்" என்றிருந்தாள்.

உடனே போன் போட்டார். "ஏம்மா, தொடருங்கள்னா எப்படி? இன்னொரு இடுப்புக்கு நான் எங்க போவேன்?"

அவள் சிரிக்கவில்லை. "விழுந்தீங்களாப்பா? ஐயோ, அது பின்னூட்டி போட்டிருக்கும். நான் படிக்கலப்பா. நீங்களும்தான் என்னோடத படிக்கல."

அவசரமாக அவள் வலைப்பூவைத் தேடித் திறந்தார். வயிற்றில் இருந்த ஐந்து மாதக் குழந்தை கலைந்துபோனதை, வாய்விட்டுச் சொல்ல முடியாமல் எழுதியிருந்தாள். கீழே முதல் ஆளாக அவர் பெயர்: "கலக்கிட்டீங்க! இதுபோல் இன்னும் நிறைய எதிர்பார்க்கிறேன்."

"அப்பா, லைன்ல இருக்கீங்களா?"

இருந்தார். இந்த முறை அவருக்குப் பதிலாகச் சொல்ல யாருமில்லை.