மூன்றாவது குழாய்

வேலியே பயிரை மேய்கிற மாதிரி ஒரு நோய் லூபஸ். உடம்பின் காவலே உடம்பைத் தின்னும். மூட்டை தூக்குகிறவனின் மனைவிக்கு அது வந்து, சீப்பைப் பிடிக்கக்கூட விரல் மடங்காமல் போனது.

மாதாமாதம் ஆய்வகத்தில் அவளுடைய வலது கையில் இரண்டு குழாய் ரத்தம் எடுப்பார்கள். அவன் அதைப் பக்கத்து அறைக்குக் கொண்டுபோய் வைத்தால், தட்டில் மூன்று இருக்கும். மூன்றிலும் அவள் பெயர்தான். இரண்டில் நோயைக் காட்டும் அளவு எகிறியிருக்கும். மூன்றாவதில் நோய் அடங்கியிருக்கும்.

“நான் ரெண்டுதாண்ணே எடுத்தேன். வழியில குட்டி போட்டுச்சோ என்னவோ” என்பாள் ரத்தம் எடுக்கிற பெண்.

“நல்லாயிருக்கிறவ எவளோ என் பேரை வச்சுக்கிட்டுத் திரியறா. புடிச்சா விட்டுடாதீங்க” என்று மனைவி சிரிப்பாள்.

அந்த மூன்றாவது குழாயை நம்பித்தான் அவன் மூட்டை சுமந்து மருந்து வாங்கினான். இந்த மாதம் தட்டில் இரண்டே இருந்தன. பெஞ்சுக்கு அடியிலெல்லாம் குனிந்து தேடினான்.

முடிவு வந்தது. இரண்டிலும் நோய் அடங்கியிருந்தது.

அவள் தன் கையாலேயே கூந்தலை முடிந்துகொண்டு, அவனுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். யாரும் ஊசி குத்தாத இடது முழங்கை மடிப்பில் புதுப் பஞ்சு ஒட்டியிருந்தது.