ஊஃபர் வேண்டாம் சார்

"சொன்னாக் கேளுங்க சார், இந்தப் பெரிய செட் உங்களுக்கு வேண்டாம்!"

ஆடியோ கடைக்காரர் இப்படிச் சொன்னதும் நூலகருக்குச் சுருக்கென்றது. வாங்காதே என்று வாடிக்கையாளரிடம் மன்றாடும் வியாபாரியை அவர் தம் நூலகத்தின் எந்தப் புத்தகத்திலும் சந்தித்ததில்லை.

"இப்பத்தானே இதை ஆஹா ஓஹோன்னு புகழ்ந்தீங்க?"

"நல்ல செட்தான் சார். நான் இல்லைன்னு சொல்லல. உங்க வீட்டுக்கு ஒத்துவராது."

"என் வீட்டை நீங்க எப்ப பார்த்தீங்க?"

கடைக்காரர் ஸ்பீக்கர் மேல் இல்லாத தூசியைத் துடைத்தார்.

நூலகர் மனைவியை டி.வி. அடுக்கியிருந்த மூலைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"கவனிச்சியா? டெலிவரிக்கு அட்ரஸ் கேட்கிற வரைக்கும் பேச்சு தேனா ஒழுகுச்சு. அட்ரஸைச் சொன்னேன், ஆளே மாறிட்டான். அந்தக் குடியிருப்புல இருக்கிறவங்களுக்கெல்லாம் இது எதுக்குன்னு இளக்காரம்!"

"ஏங்க, எதை எடுத்தாலும் குத்தம்தானா? அக்கம்பக்கத்துக் கடைக்காரர், நாளைக்கு ரிப்பேர்னாலும் இவர்கிட்டதான் வரணும். வேண்டாம்னு சொல்றதுல அவருக்கு என்ன லாபம்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். சோழியன் குடுமி சும்மா ஆடுமா?"

நூலகரின் படபடப்புக்குக் காரணம் இருந்தது. வேலை பார்த்த காலமெல்லாம் 'உஷ், சத்தம் போடாதீங்க' என்று சொல்லிச் சொல்லியே ஊரில் அவருக்கு 'உஷ் சார்' என்று பெயர் விழுந்துவிட்டது. வீட்டுக்கு வந்தாலும் நிம்மதி இல்லை. வாடகை வீடு. ரேடியோவைக் கொஞ்சம் திருகினால் போதும், வீட்டுக்காரம்மா துடைப்பக்கட்டையால் சுவரை இடிப்பாள். இப்போது ஓய்வும் பெற்றாயிற்று, சொந்தமாக ஃபிளாட்டும் வாங்கியாயிற்று. நெஞ்சுக்கூடு அதிர ஒரு பாட்டு கேட்க வேண்டும். மனுஷனுக்கு மிச்சமிருந்த ஆசை அது ஒன்றுதான். அதிலும் ஒருவன் வந்து மண்ணைப் போட்டால்?

திரும்பி வந்தபோது கடைக்காரர் ஒரு சின்ன ஜோடி ஸ்பீக்கரைத் துடைத்து மேஜை மேல் தயாராக வைத்திருந்தார்.

"இது போதும் சார். கணீர்னு இருக்கும். ஊஃபர் வேண்டவே வேண்டாம்."

ஊஃபர் என்பது தரையில் உட்கார்ந்துகொண்டு தும் தும்மென்று இடிக்கிற பெட்டி. நூலகரின் ஆசையே அந்தப் பெட்டியில்தான் இருந்தது.

"அப்புறம், இதைத் தரையில வைக்காதீங்க. அலமாரியில வைங்க. அடியில போட ரப்பர் நானே தர்றேன், இலவசமா."

'இலவசமா' என்ற சொல் காதில் விழுந்ததும் நூலகரின் புருவம் ஏறிக்கொண்டது.

"விக்காத சரக்கா?"

"ஐயோ சார், போன வாரம் வந்தது. பெட்டியில தேதியைப் பாருங்க."

"அப்போ இதுல கமிஷன் ஜாஸ்தி."

"பெரிசை வித்தாத்தான் சார் எனக்கு லாபம்!"

"பின்னே என்னய்யா உன் பிரச்சினை? லாபம் வேண்டாம்கிற, ஓசியில ரப்பர் தர்றேங்கிற. நான் என்ன காதுல பூ வச்சுக்கிட்டு வந்திருக்கேனா?"

கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். நூலகரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். குரல் தழுதழுத்தது.

"சார், நான் பி.பி. மாத்திரை போடறவன். பொய் சொல்லி என்ன கொண்டுபோகப் போறேன்? அந்தப் பெரிய செட்டை உங்களுக்கு வித்துட்டா, சத்தியமா எனக்கு ராத்திரி தூக்கம் வராது!"

நூலகருக்குச் சப்பென்று அறைந்தாற்போல் இருந்தது. கடைக்காரரின் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனசாட்சியா? வாடிக்கையாளருக்குத் தப்பான பொருளை விற்றுவிட்டோமே என்று தூங்காமல் புரளுகிற வியாபாரியா? இவரையா அவன் இவன் என்று பேசினோம்?

"மன்னிச்சிடுங்க. சின்னதையே கட்டிக் கொடுங்க" என்றார்.

ஆட்டோவில் வரும்போது மனைவி, "நான் அப்பவே சொன்னேன்ல?" என்று ஆரம்பித்தவள் வீடு வரும்வரை நிறுத்தவில்லை. நூலகரும் தலையாட்டிக்கொண்டே வந்தார். ஆனாலும் அடிமனசில் ஏதோ நெருடியது. பிறவிக் குணம் என்று அதை அடக்கிக்கொண்டார்.

குடியிருப்பின் வாசலில் ஒரு லாரி நின்றிருந்தது. அவர்கள் வீட்டுக்கு நேர் கீழே, மாசக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டுக்குச் சாமான்கள் ஏறிக்கொண்டிருந்தன. ஆட்கள் கட்டிலைத் தூக்கிக்கொண்டு எந்த அறை என்று தெரியாமல் நிற்க, புதிதாகக் குடிவரும் அம்மாள் காதில் போனை வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"முன் ரூமுக்கே கொண்டு போங்கப்பா, இனிமே பயமில்லையாம்!" என்றாள், படியேறிக்கொண்டிருந்த நூலகரைப் பார்த்துச் சிநேகமாகச் சிரித்தபடி. "எங்க வீட்டுக்காரர் இப்பத்தான் கடையிலேர்ந்து போன் பண்ணார், மேல் வீட்டுக்காரர் எப்படியோ சின்ன செட்டுக்கு மசிஞ்சிட்டாராம்!"